வலப்பக்கம் பார்க்காதவள்

டாக்டரின் அறைக்குள்ளே யாருடைய முதுகோ மடக்கென்று முறிந்த மாதிரி ஒரு சத்தம். தடுப்புக்கு இந்தப் பக்கம் வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் எல்லாரும் வாத்தியாரைக் கண்ட பிள்ளைகள் மாதிரி ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம். மடியில் கிடந்த பாப்பா மட்டும் அசையவில்லை. இரண்டாவது மாசம் நடக்கிற பிள்ளை, அவளுக்கு என்ன முதுகு என்ன சத்தம், அவள் பாட்டுக்கு மூலையில் நிறுத்தி வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது இடப்பக்கம் இருந்தது, அதனால் பார்த்தாள். வலப்பக்கம் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார், அவரைப் பார்க்கமாட்டாள். பிறந்ததிலிருந்து இப்படித்தான், வலது காது போய் வலது தோளில் ஒட்டிக்கொள்ளும், மோவாய் இடப்பக்கம் தூக்கிக்கொள்ளும், யாரோ கூப்பிட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட மருமகள் மாதிரி. கழுத்தில் வலது பக்கத்துச் சதையில் விரலை வைத்தால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கெட்டி. நான் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைத் தொட்டுப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியாது, பல் விழுந்த இடத்தில் நாக்கு போகிற மாதிரி விரல் தானாகப் போகும், இருக்கிறதா, இருக்கிறது, கொஞ்சம் சின்னதானதா, இல்லை, சரி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். இந்த நாற்காலியைப் போட்டவன் தையல் போட்ட பொம்பளை இதில் உட்காருவாள் என்று நினைத்திருக்கமாட்டான், இரும்பு, நடுவில் பள்ளம், ஒரு புட்டத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து தொடை மரத்துப் போய்விட்டது. இடப்பக்க மார் கல்லாகக் கட்டிக்கொண்டு தெறிக்கிறது, அந்தப் பக்கம் குடிக்கவேண்டுமென்றால் அவள் வலப்பக்கம் திரும்பவேண்டும், திரும்பமாட்டாள், அதனால் எனக்கு ஒரு மார் வற்றிக் கிடக்கிறது, இன்னொன்று வெடிக்கிறது. "கோகிலா, அதைப் படிச்சியா?" என்று என் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார். எதிர்ச் சுவரில் பெரிய பலகை, பிறக்கும்போது கழுத்தில் விழுகிற இழுப்பே பிற்கால நோய்களுக்கு வேர் என்று மேலே, அதற்குக் கீழே ஓயாத அழுகை, பால் கக்குதல், தூங்காமை, காதுவலி, அடிக்கடி சளி, படிப்பில் மந்தம். படித்தேன், எல்லாம் படித்தேன், படிப்பில் மந்தத்தில் வந்து கண் நின்றுவிட்டது. எத்தனை கடை பார்த்திருக்கிறேன், எல்லா வலிக்கும் ஒரே காரணம் சொல்கிறவனிடம் ஒரே சரக்குதான் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் கண் அங்கேயே நின்றது. மந்தம். இந்தக் கழுத்தோடு இவள் பள்ளிக்கூடம் போனால் கோணக்கழுத்தி என்பார்களா, வேறென்ன சொல்வார்கள், நானே சொல்லியிருக்கிறேனே, எங்கள் தெருவில் காலை இழுத்து நடந்த பெண்ணை நான் என்னவெல்லாம் கூப்பிட்டிருக்கிறேன், அவள் பேர் என்ன, பேரே ஞாபகமில்லை, கூப்பிட்டது மட்டும்தான் ஞாபகமிருக்கிறது.

இழுப்பு என்றுதான் போட்டிருக்கிறான் பலகையில். இழுத்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். பிரசவ வலி வந்து நின்றுபோய், வர வைக்கிறோம் என்று டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள், அது வந்தது பாருங்கள், அதற்கு முன்னால் வந்ததெல்லாம் வலியே இல்லை, ஒன்று போவதற்குள் இன்னொன்று, நடுவில் மூச்சு விடக்கூட இடம் வைக்காமல். நான் அதோடு பேரம் பேசினேன். சிரிப்பாக இருக்கிறது இப்போது. ஈரோட்டுப் பிளாட்பாரத்தில் ஒரு மூட்டை நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரம்பித்தவள் நான், போலீஸ் லத்திக்கும் மார்க்கெட் ரவுடிக்கும் நடுவில் நின்று வியாபாரம் கற்றவள், சூரத்துக்காரனைத் தமிழிலேயே கத்தி விலை இறக்க வைத்தவள், அந்தக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, இன்னும் ஒன்று, இதோட விட்டுடு, சரி இன்னும் ரெண்டு, அவ்வளவுதான், அதுக்கு மேல என்னால முடியாது என்று வலியோடு பேசிக்கொண்டிருந்தேன். வலி ஒரு பைசா இறங்கவில்லை. நர்ஸ் ஒருத்தி, "வாயில கத்தறதைக் கீழ காட்டும்மா" என்றாள், வெளியே வந்து உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று நினைத்தேன், அதற்குள் டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது. அது எனக்கு உடனே தெரிந்தது. சரக்கு வராது என்று தெரிந்த ஏஜென்ட்டின் குரல் எப்படித் திடீரென்று மரியாதையாகுமோ அப்படி, "கோகிலவாணி, பாப்பாவுக்கு இதயத்துடிப்பு இறங்குதுமா, நாங்க தலையில கப் வெச்சு இழுத்து உதவி பண்றோம், நீங்க முக்குங்க" என்றார். மிஷினில் டக்டக்கென்று ஓடிக்கொண்டிருந்த சத்தம் டக்... டக்... என்று நடக்க ஆரம்பித்திருந்தது, பஸ் ஸ்டாண்டில் இன்ஜின் அணைகிற பஸ் மாதிரி. கத்தரிக்கோல் சத்தம். பிறகு ப்ளக் என்று ஒரு சத்தம், கப் கழன்றுவிட்டது, மறுபடி வைத்தார்கள். எனக்குள்ளே கையை விட்டு என்னைப் பையை உதறுவது போல வெளியே திருப்பிப் போடுகிறார்கள் என்று நினைத்தேன், பிறகு ஒன்றுமில்லை, யாரும் பேசவில்லை, அழுகை இல்லை, அந்தப் பேசாத நேரம் இருக்கிறதே, அதில்தான் நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன், இந்த இரும்பு நாற்காலியில் இல்லை. பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். துணியில் சுற்றிக் காட்டினார்கள், தலை சுரைக்காயாக நீண்டு, உச்சியில் கப் வைத்த இடத்தில் இன்னொரு சின்னத் தலை முளைத்த மாதிரி வீங்கி, ஊதா நிறம். பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. இப்படியா எடுப்பார்கள், ஒரு முழுச் சரக்கை இப்படியா இறக்குவார்கள். வீக்கம் ஒரு வாரத்தில் தானாக வற்றிவிட்டது, கோபம் வற்றவில்லை. கழுத்து சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்த அன்று நேராக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன், சண்டை போடத்தான் போனேன், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டுதான் படியேறினேன். டாக்டரம்மா என்னை உட்கார வைத்தார், நான் கத்த விட்டார், முடிந்ததும் கம்ப்யூட்டரைத் திருப்பி அன்றைக்குப் பாப்பாவின் இதயத்துடிப்பு ஓடிய கோட்டைக் காட்டினார், மேலே ஓடிக்கொண்டிருந்த கோடு ஒரு இடத்தில் சரசரவென்று கீழே இறங்கிக் கீழேயே நிற்கிறது. "இந்த இடத்துலதான் கப் வெச்சோம். வெக்காம இருந்திருந்தா..." என்றார், மீதியைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சொல்லாத பேச்சுக்கு எப்படிப் பதில் சொல்வது, இறங்கி வந்துவிட்டேன், வரும்போது செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டது தெருவுக்கு வந்துதான் தெரிந்தது.

குழந்தை டாக்டர் ஹேமலதாவாவது யார் மேலாவது பழியைத் தூக்கிப் போடுவார் என்று பார்த்தால் அவரும் போடவில்லை. "இழுத்ததுனாலயும் இருக்கலாம், உள்ள இடமில்லாம அப்படியே மடிஞ்சு கிடந்ததுனாலயும் இருக்கலாம், எதுன்னு சொல்ல முடியாதும்மா. எலும்புல ஒண்ணுமில்ல, சதைதான் இறுக்கமா இருக்கு. நான் சொல்லித் தர்றபடி பண்ணுங்க, பெரும்பாலும் சரியாயிடும்." பெரும்பாலும். என் தொழிலில் பெரும்பாலும் என்று ஒருத்தன் சொன்னால் சரக்கு வராது என்று அர்த்தம். எப்போது சரியாகும் என்றேன், மாசக்கணக்காகும், பொறுமையாப் பண்ணோணும் என்றார். ஒரு கை வலது தோளை அமுக்கிப் பிடிக்க, இன்னொரு கை கன்னத்தில் வைத்து முகத்தை மெல்ல வலப்பக்கம் கொண்டுபோய் அங்கேயே வைத்திருக்கவேண்டும், விழித்திருக்கும்போது குப்புறப் போடவேண்டும், பால் குடிக்க இடப்பக்க மாரை முதலில் கொடுக்கவேண்டும், கட்டிலைத் திருப்பிப் போட்டு வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரும்படி படுக்கவைக்கவேண்டும். கேட்கும்போது இவ்வளவுதானா என்று இருந்தது. வீட்டில் போய்த் திருப்பினேன், வீல் என்று ஒரு கத்தல், அந்தச் சின்னக் கழுத்து என் உள்ளங்கைக்கு எதிராகத் தள்ளுகிறது, எனக்கு எதிராக, முகம் தக்காளியாகச் சிவக்கிறது, மூச்சே பிடித்துக்கொள்கிறது, டக்... டக்... என்று எங்கேயோ கேட்கிறது, கையை எடுத்துவிட்டேன். மறுநாளும் எடுத்துவிட்டேன். அப்புறம் செய்வோம் குளிக்க வைத்துவிட்டுச் செய்வோம் என்று தள்ளிப்போட்டுப் போட்டு, செய்தேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல ஆரம்பித்தேன். அத்தைக்கு இந்த வைத்தியமே பிடிக்கவில்லை. "இதுக்குப் பேரு உரம் விழுந்திருக்கறதுடி. பக்கத்து ஊட்டு வள்ளியம்மாளைக் கூப்பிட்டு, பழைய நூல் சேலையில புள்ளையப் போட்டு, ரெண்டு பக்கமும் பிடிச்சு நாலு உருட்டு உருட்டினா கழுத்து தானா நேராயிரும். உன்ற புருசனுக்கு அப்பிடித்தான் எடுத்தது." சேலையை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார், வள்ளியம்மாள் கை கழுவிக்கொண்டு நிற்கிறாள். நான் பாப்பாவை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கத்தின கத்தில் எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. சேலையில போட்டு உருட்டறதுக்கு எம்புள்ள என்ன மூட்டையா, கழுத்து ஒடிஞ்சா வள்ளியம்மா ஒட்ட வெப்பாளா, இன்னும் என்னென்னவோ. அத்தை சேலையை மடித்தார், ஒரு மடிப்பு பிசகாமல் மடித்தார், அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. இவர் ரெண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையைச் சொறிந்தார், இவர் எந்தச் சண்டையிலும் தலையைத்தான் சொறிவார், பிறகு ஆபீசில் யாரோ சொன்னார்கள் என்று இந்த இடத்தைக் கண்டுபிடித்தார். மருந்தில்லை மாத்திரையில்லை, கையாலேயே எலும்பை நேராக்குகிற வைத்தியமாம், பிறந்த பிள்ளைக்கும் செய்வாராம், வெளிநாட்டில் படித்தவராம். காலையில் நாங்கள் கிளம்பும்போது அத்தை வாசலில் நின்று பாப்பாவின் உள்ளங்காலுக்கு மை வைத்துவிட்டுச் சொன்னார், "போயிட்டு வாங்க. அங்கயும் உருட்டத்தான் போறாங்க, ஏசி போட்டு உருட்டுவாங்க." இவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை, வேனில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினேன், பவானி தாண்டுகிற வரைக்கும் அந்தப் பேச்சையே மென்றுகொண்டு வந்தேன். ஒரே தறியில் வந்த துணியை ரெண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கூடையில் கொட்டி விற்பேன், ஒரு பாதிக்குப் பளபளவென்று அட்டையும் லேபிளும் போட்டுக் கண்ணாடிக்குள் வைப்பேன், கண்ணாடிக்குள் இருப்பதைத் தடவிப் பார்க்கிறவள் ஆஹா துணியே தனி என்பாள், நானும் ஆமாங்க என்பேன். அந்த ஆமாங்கவைச் சொல்லிச் சொல்லி ஒரு கடை கட்டினவள் நான். இங்கே கண்ணாடிக்கு வெளியே நின்று தடவுகிறவளும் நான்.

பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், பெருந்துறைக்காரி, பேச்சிலேயே தெரிந்தது, அவள் மடியிலும் ஒரு பையன், என்னுடையவளைவிடப் பெரியவன், வாயில் கைமுட்டியை முழுதாகத் திணித்துக்கொண்டு கொழுகொழுவென்று. "முதல் தடவைங்களா?" என்றாள். ஆமாங்க என்றேன். "பயப்படாதீங்க, பூப்போலத் தொடறாருங்க. எங்க பையனை ஆபரேசன்ல எடுத்ததுங்க, நேரா வராததுனால முதுகெலும்பு செட்டாகலைன்னாருங்க. பொழுது சாய்ஞ்சா ஆரம்பிப்பானுங்க அழுக, ஊரே கூடும். இப்பப் பாருங்க." பார்த்தேன், அவன் என்னைப் பார்த்து எச்சில் வழியச் சிரித்தான், வலப்பக்கமும் இடப்பக்கமும் தாராளமாகத் தலையைத் திருப்பி. ஒரு குழந்தையின் கழுத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவளாக ஆகிவிட்டேன் பார். "எப்ப இருந்துங்க வர்றீங்க?" என்றேன். "ரெண்டாம் மாசத்துல இருந்துங்க. இப்ப நாலு முடியப் போகுது. கொஞ்சங் கொஞ்சமா அழுக கொறைஞ்சு கொறைஞ்சு, இப்பச் சுத்தமா நின்னுருச்சுங்க." எனக்குள் இருக்கிற கடைக்காரி காதைத் தூக்கினாள். கருஞ்சிவப்புக் காட்டன் இருக்கிறதே, முதல் தண்ணியில் சாயம் கொட்டும், ரெண்டாவதில் கொஞ்சம், மூணாவது தண்ணியில் தானாக நின்றுவிடும். ஒவ்வொரு தண்ணிக்கும் என்னிடம் கொண்டு வா, நான் ஒரு பொடி போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் மூணாவது தண்ணியில் நான்தான் நிறுத்தினேன் என்று கும்பிடுவார்கள். எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பிள்ளை நாலு மாசத்துக்கு மேல் பொழுது சாய்ந்து அழுதது, எல்லாம் அந்த வயசில் தானாகத்தான் நின்றது. இதை அவளிடம் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் பையனின் வாயைத் துடைத்துக்கொண்டு, "இல்லீன்னா நான் பைத்தியமாயிருப்பேனுங்க" என்றாள், மெதுவாக, சுவரைப் பார்த்து. அவள் இங்கே வாங்கிக்கொண்டு போனது வேறு ஏதோ சரக்கு, அது அவளுக்கு வேலை செய்திருக்கிறது, அதற்கு விலை சொல்ல நான் யார். ஒருவேளை எனக்கும் அதுதான் வேண்டும். இவள் கழுத்து அப்புறம், முதலில் எனக்கு, யாராவது ஒருத்தர் என் கையிலிருந்து இவளை வாங்கி, நான் பார்த்துக்கொள்கிறேன் நீ போய்ப் படு என்று சொல்லவேண்டும். எவ்வளவு நாளாயிற்று படுத்து. கண்ணை மூடினால் புளியங்கொட்டை. இடப்பக்க மாரிலிருந்து பால் தானாகக் கசிந்து ஜாக்கெட்டை நனைத்து வயிற்றில் இறங்குகிறது, ஏசிக் காற்றில் சில்லென்று, பாப்பா அந்த வாசத்துக்கு வாயைத் திறந்து தேடுகிறாள், இடப்பக்கமே தேடுகிறாள், அங்கே பால் இல்லையடி, எலும்புக்கூடுதான் இருக்கிறது. "கோகிலவாணி பேபி" என்று கவுண்டரில் இருந்த பெண் கூப்பிட்டாள், என்னையா அவளையா என்று ஒரு நிமிடம் விளங்கவில்லை. எழுந்தபோது தையல் சுருக்கென்றது.

டாக்டர் ரிஷிகேசன் நல்ல மனுசர், இதைச் சொல்லியாகவேண்டும், நான் ஒரு திருட்டு முழியை எதிர்பார்த்துப் போனேன், அவருக்கு நல்ல கண், கையைக் கழுவி, தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் பாப்பாவைத் தொட்டார். மெத்தை போட்ட மேஜையில் படுக்க வைத்தேன். என் உடம்பை விட்டு அவள் நகர்ந்ததும் எனக்குக் கை ரெண்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை, கட்டிக்கொண்டேன். "வேக்யூம் டெலிவரிங்களா? நினைச்சேன். மேல் கழுத்துல முதல் எலும்பு லாக் ஆகியிருக்குங்க" என்றார், விரல் அங்கே போகுமுன்பே சொன்னார். இவர் பக்தியாகத் தலையை ஆட்டினார். "படம் எடுத்துப் பாக்க வேண்டாங்களா?" என்றேன். "கையிலயே தெரியுங்க." "குழந்தை டாக்டரம்மா எலும்புல ஒண்ணுமில்ல, சதைன்னாங்க." "அவங்க மருந்து படிச்சவங்க, அவங்க பார்வை அப்படி. இது ஒரு சின்ன டச்சுதாங்க, முட்டை ஓட்டை அமுக்கற அளவுகூட இல்ல." "கோகிலா, சித்த சும்மா இரு" என்றார் இவர். நான் சும்மா இருக்கிற ஆளா. "செரிங்க, நீங்க தொட்டுச் சரியாகலைன்னா?" "இன்னும் சில சிட்டிங் தேவைப்படுங்க." "சரியாயிருச்சுன்னா?" "அப்பவும் விட்டுடக் கூடாதுங்க, வளர்ற உடம்பு, மாசா மாசம் ஒரு தடவை வந்து பாத்துக்கறது நல்லது." நான் அவர் முகத்தையே பார்த்தேன். கோபம் வரவில்லை, எனக்கு ஒரு மாதிரி மலைப்புத்தான் வந்தது, இத்தனை வருசத்தில் இப்படி ஒரு வியாபாரத்தை நான் யோசித்ததே இல்லை, சரியானாலும் வா, ஆகாவிட்டாலும் வா, தோற்கிற பக்கமே கிடையாது. ஆனாலும் சரி என்று சொல்லத்தான் வாய் துடித்தது. நம்பாமலே வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், சாயம் போகும் என்று தெரிந்தே வாங்குவார்கள், அந்த நேரத்துக்குக் கையில் ஒன்று வேண்டும், வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமுடியாது. சரி, தொடட்டும், ஒரு முறைதானே, பூப்போல. அவருடைய ரெண்டு விரல் பாப்பாவின் பிடரிக்கு அடியில் போனது. அவள் மிரண்டு கையை விரித்தாள், மேலே இருந்து விழுகிற மாதிரி. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே, அன்பாகத்தான் சொன்னார், "பாவம், உன்னை இப்படி இழுத்திருக்கவே கூடாதும்மா. அந்த டாக்டர் பண்ணின வேலை." இதோ, வந்துவிட்டது. இதற்குத்தானே இத்தனை நாள் அலைந்தேன், ஒரு ஆள், ஒரு பேர், இவள்தான் செய்தாள் என்று சுட்டிக் காட்டுகிற ஒரு விரல். தட்டில் வைத்து நீட்டுகிறார், எடுத்துக்கொள், போய்ச் சண்டை போடு. நான் கோபத்துக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. டக்... டக்... என்று அந்தச் சத்தம்தான் வந்தது, யாரும் பேசாத அந்த நேரம் வந்தது, அதற்கப்புறம் பூனைக்குட்டி மாதிரி. "இழுக்கலைன்னா இவ இல்லீங்க" என்றேன். என் வாயா சொன்னது. இவர் திரும்பிப் பார்த்தார். டாக்டர் சிரித்து, "நான் அப்படிச் சொல்லலீங்க..." என்று ஆரம்பித்தார், விரல் ரெண்டும் இன்னும் அங்கேயே இருந்தது, புளியங்கொட்டைக்குப் பக்கத்தில், எனக்கு மட்டும்தான் பழக்கமான அந்த இடத்தில். "கையை எடுங்க." "இன்னும் ஒண்ணும் பண்ணலைங்க மேடம்." "தெரியும். எடுங்க." நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் இவர் சமாதானம் பண்ணியிருப்பார், மெதுவாகச் சொன்னதால் பயந்துவிட்டார், பாப்பாவின் துணியை இவரே சுருட்டி எடுத்தார். டாக்டர் விரலை எடுத்துக்கொண்டு, "நாளைக்கு இவ வளர்ந்து ஏதாவது வந்தா நீங்கதாங்க வருத்தப்படுவீங்க" என்றார். அதுவும் பொய்யில்லை. படுவேன். எதைச் செய்தாலும் படத்தான் போகிறேன்.

வேனை இவர் வேப்பமரத்து நிழலில் விட்டிருந்தார், நிழல் நகர்ந்துபோய் ஸ்டீரிங் கொதித்தது. நாலு கதவையும் திறந்து வைத்துவிட்டு வெளியே நின்று தலையைச் சொறிந்தார். "எல்லாத்தையும் வேண்டாங்கற. அம்மா சேலையும் வேண்டாம், இந்த டாக்டரும் வேண்டாம். என்னதான் பண்றது கோகிலா, நீயே சொல்லு." அவருக்கும் தூக்கமில்லை, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது, இதுவரை நான் அதைப் பார்க்கவே இல்லை. அவரோடு சண்டை போடலாம், எளிது, நீதானே இங்கே கூட்டி வந்தாய் என்று ஆரம்பித்தால் ஈரோடு வரைக்கும் போகும். அத்தையோடு போடலாம். டாக்டரம்மாவோடு, நர்ஸோடு, அந்த டிரிப்ஸ் பாட்டிலோடு, உள்ளே இடமில்லாமல் மடித்து வைத்த என் வயிற்றோடு. நினைக்கும்போதே அசதியாக இருந்தது, ஒவ்வொருத்தரையும் தூக்கித் தராசில் வைக்க இனி எனக்குக் கையில் பலமில்லை, வைத்தாலும் முள் யார் பக்கமும் சாயப்போவதில்லை. "குழந்தை டாக்டரம்மா சொன்னதைத்தான் பண்ணோணும்" என்றேன். "அதைத்தான் நீ பண்ணிட்டு இருக்கியே, ஒண்ணும் ஆகலையே." "பண்ணலீங்க." அவர் சொறிவதை நிறுத்தினார். "பண்றேன்னு சொன்னேன். அவ கத்தறா, என்னால முடியல." கோபித்துக்கொள்வார் என்று பார்த்தேன், அவர் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, "எப்படிப் பண்ணோணும், காட்டு" என்றார். பாப்பாவை மடியில் மல்லாத்திப் போட்டேன். வலது தோளில் ஒரு கை. அவர் விரலை அதன்மேல் வைத்து, இங்கேயா என்றார், இங்கேதான், அமுக்காதீங்க, சும்மா பிடிங்க. கன்னத்தில் என் உள்ளங்கை, உள்ளங்கைக்குள் அடங்குகிற முகம், சூடு, பால் வாசம். மெல்ல, இழுக்காமல், வலப்பக்கமாக. கொஞ்ச தூரம் வந்தாள், பிறகு கழுத்து நின்றது, தறி நின்ற மாதிரி ஒரு இடத்தில் நின்றது, அதற்குமேல் தள்ளவேண்டாம், அங்கேயே வைத்திருங்கள் என்றுதான் குழந்தை டாக்டரம்மா சொன்னார். வீல் என்று ஆரம்பித்தாள். வெளியே போய்க்கொண்டிருந்த ஒரு ஆள் குனிந்து வேனுக்குள் பார்த்துவிட்டுப் போனான். முகம் சிவந்தது, மூச்சு பிடித்தது, என் நெஞ்சுக்குள் பழைய மிஷின் நடக்க ஆரம்பித்தது. "விட்டுடலாமா?" என்றார் அவர். எனக்கு எதிராகத் தள்ளினாள், அந்தச் சின்னக் கழுத்தில் எவ்வளவு பலம், யார் பிள்ளை பின்னே, தள்ளு, திட்டு, என்னைத் திட்டு கண்ணு, வேறு யாரும் இல்லை, நான்தான் இருக்கிறேன். இப்படி இன்னும் எத்தனை மாசம், நாளைக்குக் காலையில், மத்தியானத்தில், பொழுது சாய, குளிக்க வைத்த பிறகு, கடைக்குப் போகுமுன், வந்த பிறகு. பெரும்பாலும் சரியாகும். ஆகாமலும் போகலாம். அவள் இன்னும் ஓங்கிக் கத்தினாள். நான் கையை எடுக்கவில்லை.